லூணி ஆற்றின் கணக்கு

1979ல் மத்திய அரசு உத்தியோகத்தில் ராஜஸ்தானின் ஜோத்பூருக்கு மாற்றலாகிப் போனேன். ஊருக்குத் தெற்கே லூணி ஆறு. ஆறு என்று பெயர்தான். நான் முதலில் பார்த்தபோது வெறும் மணல், அதன் நடுவே ஒட்டகங்கள் நடந்துகொண்டிருந்தன. "இதற்கு எதற்கு இத்தனை பெரிய பாலம்?" என்று சிரித்தேன். கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் சிரிக்கவில்லை. "ஒருநாள் வரும், பாபூஜி" என்றார்.

அந்த ஜூலையிலேயே வந்தது. லூணிப் படுகை முழுவதும் பெருவெள்ளம். பல நாட்கள் எங்களுக்குத் தபால் இல்லை. பெரியவரின் ஆடுகளில் பாதியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

லூணி, அஜ்மீர் பக்கம் ஆரவல்லி மலையில் பிறந்து, சுமார் 495 கி.மீ. ஓடி, கட்ச் வளைகுடாப் பக்கத்து ரண் என்னும் உப்புச் சதுப்பில் முடிகிறது. கடலைத் தொடுவதில்லை. பாலோத்ரா வரை நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. லவணம் என்ற சொல்லிலிருந்துதான் லூணி என்ற பெயரே.

ஜோத்பூரில் 1959 முதல் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. ஊரார் 'காஜ்ரி' என்பார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு நண்பர்தான் எனக்கு இந்த ஆற்றின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். பொதுவாக ஆறு என்றால் கீழே போகப் போகப் பெருகும். பாலைவன ஆறு கீழே போகப் போகச் சிறுக்கும். போகும் வழியெல்லாம் மணல் குடித்துக்கொண்டே இருக்கும்.

100 பங்கு தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். காய்ந்த மணல் நனைவதற்கே முதலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சிறு வெள்ளமானால் கதை அங்கேயே முடிந்தது. பெரு வெள்ளமானால், மீதியிலிருந்து ஒவ்வொரு மைலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆற்றின் அகலம், மணலின் தன்மை, முந்தைய வெள்ளம் எத்தனை நாளுக்கு முன் வந்தது, எல்லாவற்றையும் பொறுத்தது அது. அமெரிக்காவில் அரிசோனாவில் வால்நட் கல்ச் என்ற ஓடையில் 1953 முதல் இதை அளந்து வருகிறார்கள். அங்கே லியோனார்ட் லேன் என்பவர் ஏறக்குறைய இந்த முறையிலேயே கணித சூத்திரம் எழுதினார்.

சொல்வது சுலபம். பாலைவன மழை ஓரிடத்தில் கொட்டும், சில மைல் தள்ளி ஒரு துளி விழாது. மழைமானியோ அங்கொன்று இங்கொன்று. வெள்ளம் வருவதே எப்போதோ ஒருமுறை. அப்படி வரும்போது அளவுக் கருவியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும்!

பொறியாளர்கள் மணல் குடித்த தண்ணீரை 'இழப்பு' என்று எழுதுவார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பெரியவர் என்னைத் தன் கிணற்றுக்கு அழைத்துப் போனார். தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. ஆடுகளைக் கொண்டுபோன அதே வெள்ளம்தான் கிணற்றையும் நிரப்பியது. மேலே அணை கட்டி வெள்ளத்தை முழுவதும் நிறுத்தினால், கீழே உள்ள கிணறுகள் வற்றும். 'இழப்பு' என்று எழுதிய கணக்கில் அந்தக் கிணறுகள் வராது.

மணல் எல்லா இடத்திலும் குடிக்கும் என்றும் நம்பக் கூடாது. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் பேய்மழை. கவாஸ் கிராமம் மூழ்கியது, ஏராளமானோர் இறந்தார்கள். அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் தேங்கி நின்றது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது, பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தப் பாலத்தைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. பெரியவர் அன்று ஏன் சிரிக்கவில்லை என்பதும் புரிந்தது.