அண்டாவில் கொதிக்கும் கருப்பட்டி: நம்ம ஊர்க் காப்பியின் கதை

சாத்தான்குளம் சுத்துவட்டாரத்துல கூட்டம்னு ஒண்ணு கூடினா, முதல்ல அடுப்பில ஏறுவது அண்டாதான். சடங்கு வீடு, கல்யாண வீடு, கோயில் கொடை, சர்ச்சுல அசனம், எதுவானாலும் சரி. இழவு வீட்டில்கூட, அழுது தொண்டை வறண்ட பொம்பளைகளுக்கு ராத்திரி முழுக்கப் பக்கத்து வீட்டு மைனிமார்தான் கடுங்காப்பி போட்டுக் கொடுப்பாங்க. அந்தக் காப்பிக்கு இனிப்பு எதுன்னு ஒரு காலத்தில் யாரும் கேட்டதில்லை. கருப்பட்டியைத் தட்டிப் போடுவாங்க, அவ்வளவுதான். இன்றைக்கு அதே அண்டாவில் பெரும்பாலும் சீனி போட்ட டீ கொதிக்கிறது. நம்ம குழுக் கூட்டங்களிலும் அதுதான். இடையில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

இப்ப நம்ம பேரப்பிள்ளைகள் பேக்கரிக்குப் போனால் "ஹாட் சாக்லேட்" கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்ல பண்டம்தான். அந்தச் சாக்லேட்டுக்கான கொக்கோ மரம் ஒண்ணும் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. இந்தியாவில் அதை முதன்முதலில் 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து நட்டது நம்ம குற்றாலத்தில்தான். நட்டார்கள், ஆனால் அது நம்ம அடுப்படிக்கு வரவில்லை. இன்றைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக நிற்கிறது. மெக்சிகோ நாட்டின் பழங்குடிப் பெண்கள் கொக்கோக் கொட்டையை வறுத்து, அம்மி மாதிரிக் கல்லில் அரைத்துக் கரைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றி நுரை வரவழைத்துக் கொடுப்பார்களாம். நாம் காப்பி ஆத்துகிற மாதிரியேதான். அவர்கள் குடித்தது கசப்பு. அதற்குள் சர்க்கரையைப் போட்டது பின்னால் வந்த ஸ்பெயின் தேசத்தார். நமக்கு அப்படி இல்லை. இனிப்பு முதலில் வந்தது, காப்பி பிறகு வந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் காப்பி பரவ ஆரம்பித்து ஏறத்தாழ நூறு, நூற்று முப்பது வருஷம்தான் ஆகிறது. அது பரவினபோது, நீராகாரம் குடிச்ச சனம் கெட்டுப்போச்சு என்று பெரியவர்கள் பத்திரிகைகளில் புலம்பியிருக்கிறார்கள். கருப்பட்டியோ அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. சளி, காய்ச்சல், பிள்ளை பெற்ற உடம்பு, எல்லாவற்றுக்கும் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கருப்பட்டி கரைத்த வெந்நீர்தான். அந்த வெந்நீரில் பிறகு காப்பித்தூளும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் திருச்செந்தூர் கோயில் பக்கம் சைக்கிளில் கேன் கட்டி விற்கிற சுக்குக் காப்பியில் பல நேரம் காப்பித்தூளே இருக்காது. பேர் மட்டும் காப்பி!

இந்தக் கருப்பட்டி ஏன் இங்கே இவ்வளவு பெருசா வளர்ந்தது என்றால், வேறு எதுவும் வளராத மண் இது. உடன்குடி, குதிரைமொழித் தேரி என்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். அதில் பனை நின்றது. 1799-இல் புதுசாக உண்டான முதலூர் ஆகட்டும், 1841-இல் கால்டுவெல் ஐயர் வந்து தங்கின இடையன்குடி ஆகட்டும், சுற்றிலும் இருந்தது பனங்காடு, பிழைப்பு பனையேற்றம். இடையன்குடியில் அவர் மனைவி எலிசா அம்மாள் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கையில் சொந்தமாகக் காசு பார்க்க நம்ம பக்கத்துப் பெண்களுக்குக் கிடைத்த ஆரம்ப வழிகளில் அது ஒன்று. கருப்பட்டி காய்ச்சினதுக்கு அப்படித் தனியாக யாரும் காசு கொடுத்ததில்லை. அது வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விட்டது.

குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி ஒரு சர்க்கரை ஆலை வைத்திருந்தது. கரும்புக்காக இல்லை, பனைக்காக. 1910-களில் அதற்கென்று ஒரு சின்ன ரயிலே ஓடியது. திருச்செந்தூரிலிருந்து குலசை, உடன்குடி வழியாகத் திசையன்விளை வரைக்கும் போகும். இரண்டடி அகலத் தண்டவாளம். 1940 வாக்கில் அந்த ரயில் நின்றுபோனது. ரயில் ஓடியதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. அந்த ரயிலுக்குச் சரக்கு கொடுத்த பனங்காட்டில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று எழுதியவர்களைத்தான் காணோம். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாசி, பங்குனியில் பாளை விடும். ஆடி வரைக்கும் பதனி இறங்கும். அந்தக் காலம் முழுக்கக் குடும்பமே பனங்காட்டுக்குள் விடிலி போட்டுக் குடியேறிவிடும். விடிலி என்றால் ஓலைக் குடிசைதான். ஆண்கள் விடியுமுன்னே ஏறுவார்கள், சாயங்காலம் மறுபடி ஏறுவார்கள். நெஞ்சுத்தோல் காய்த்துப்போகும். தவறி விழுந்தால் உயிர் போகும், இல்லையென்றால் இடுப்பு போகும். பனையேறியின் இந்தப் பாடு எல்லாருக்கும் தெரிந்தது. மரத்திலிருந்து இறங்கின பிறகு ஆரம்பிப்பது பெண்களின் பாடு.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி வைப்பது முதல் வேலை. தடவாவிட்டால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கின பதனியைப் பன்னாடையில் வடிகட்டணும். பூச்சி, தூசி எல்லாவற்றையும் தன்னிடம் வைத்துக்கொண்டு நல்லதைக் கீழே விடுகிற அந்தப் பன்னாடையின் பேரைச் சொல்லித்தான் நம்ம ஊரில் ஆளைத் திட்டுகிறார்கள், நியாயமா பாருங்க. பிறகு வாயகன்ற சட்டியில் ஊற்றி, காய்ந்த ஓலை, மட்டை, முள் என்று கிடைத்ததையெல்லாம் தள்ளி எரிக்கணும். பதனி பொங்கிப் பொங்கி வரும். ஆமணக்கு முத்தை நசுக்கித் தூவினால் பொங்கல் அடங்கும். தண்ணீர் வற்றிக் கூப்பனி ஆகும்போது கை நிற்கக் கூடாது, துழாவிக்கொண்டே இருக்கணும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லணும். ஒரு நிமிஷம் முந்தினால் இறுகாது, ஒரு நிமிஷம் பிந்தினால் கரிந்துவிடும். பதம் வந்ததும் இறக்கிக் கிண்டி, நனைத்து வைத்த சிரட்டையில் வார்க்கணும். அதனால்தான் நம்ம கருப்பட்டிக்கு அந்த அரைத்தேங்காய் வடிவம்.

இதெல்லாம் சித்திரை, வைகாசி வெயிலில், உச்சிப்பொழுதில். மேலே சூரியன், கீழே அடுப்பு, கண்ணில் புகை, இடுப்பில் பிள்ளை. கொஞ்சம் வளர்ந்த பெண்பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, சுள்ளி பொறுக்கவும் தங்கச்சியைப் பார்க்கவும் விடிலிக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். எழுத்து மறந்துபோனவர்கள் நம்ம மூத்த உறுப்பினர்களில் எத்தனை பேர்! அப்படிக் காய்ச்சின கருப்பட்டிக்கு விலை வைத்தது வியாபாரி. பருவத்துக்கு முன்னாலேயே அரிசிக்கும் துணிக்கும் என்று முன்பணம் வாங்கியிருப்பார்கள். காய்ச்சினதெல்லாம் அந்தக் கணக்கில் போகும். அடுத்த மாசியில் மறுபடியும் முன்பணம். பரணில் நாலு மாசம் புகைபடப் போட்டு வைத்திருந்து ஐப்பசி, கார்த்திகையில் விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். போட்டு வைக்கத்தான் வழி இல்லை.

"என் பொண்ணைப் பனையேறிக்குக் கொடுக்க மாட்டேன்" என்று தாய்மார்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

வேறு இடிகளும் விழுந்தன. 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. நல்ல சட்டம்தான், ஆனால் பதனி இறக்கவும் உரிமம் வேண்டியதாயிற்று. சுண்ணாம்பு போதவில்லை என்று சொல்லி வழக்குப் போடுகிற பயமும் சேர்ந்தது. காந்தியடிகள் காலத்திலிருந்தே பனைவெல்லத்துக்கு ஆதரவு இருந்தது; பிறகு பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. அதனால் சில ஊர்களில் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். ஆனால் சீனி மலிவாகக் கடைக்குக் கடை வந்துவிட்டது. அதோடு ஒரு மரியாதைக் கணக்கும் வந்து சேர்ந்தது. வீட்டாளுக்குக் கருப்பட்டிக் காப்பி, விருந்தாளிக்குச் சீனிக் காப்பி. மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கும்போது கருப்பட்டிக் காப்பி கொடுத்தால் குறைச்சல் என்று மாமியார் கண்ணைக் காட்டுவார். நம்ம கையால் செய்ததை நாமே பின்வாசல் பக்கம் தள்ளினது அப்படித்தான்.

1978-இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரம் ஆனது. அதே காலத்தில்தான் செங்கல் சூளைக்குப் பனைகள் லாரி லாரியாகப் போயின.

மகளிர் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் ஆரம்பித்து, 1997-98-இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவின. நம்ம பக்கத்தில் குழுக் கடன் என்றதும் எல்லாரும் ஆடு, மாடு, தையல் மிஷின் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் காய்ச்சுகிற குடும்பத்துக்குக் குழுவால் கிடைத்த பெரிய உதவி, மாசியில் வியாபாரியிடம் போகாமல் உள்கடன் எடுக்க முடிந்ததுதான். உள்கடன் எடுத்தவர்களால் பரணில் கருப்பட்டியைப் போட்டு வைக்க முடிந்தது. வங்கி அறிக்கையில் இதற்கென்று கட்டம் கிடையாது.

இனி அண்டாவுக்கு வருவோம். நூறு பேருக்குப் போடுவது எப்படி என்று இளைய உறுப்பினர்கள் கேட்பதால் அளவோடு சொல்கிறேன். ஆளுக்கு 150 மில்லி தம்ளர் என்றால் 15 லிட்டர் வேண்டும். வற்றுவதற்கும் சேர்த்து 16, 17 லிட்டர் தண்ணீர் வையுங்கள். கருப்பட்டி 2 கிலோ. சுக்கு 150 கிராம், மல்லி 250 கிராம், மிளகு 50 கிராம், ஏலக்காய் ஒரு கைப்பிடிக்குக் குறைவாக. மல்லியையும் மிளகையும் லேசாக வறுத்து, சுக்கைத் தட்டி, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். காப்பித்தூள் வேண்டுமென்றால் 150 கிராம் போதும். கருப்பட்டியை நேரே அண்டாவில் போட்டுவிடாதீர்கள். தனிப் பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக் கரைத்து, வெள்ளைத்துணியில் வடிகட்டணும். மணலும் சிரட்டைத் தும்பும் எவ்வளவு நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். அண்டாவில் பொடி பத்து, பதினைந்து நிமிஷம் நன்றாகக் கொதித்து வாசம் தெருமுனைக்குப் போன பிறகு, பாகை ஊற்றி ஒரு கொதி விட்டு, காப்பித்தூளைத் தூவி மூடி வைத்து இறக்கிவிடலாம்.

கட்டியாகப் பால் விட்டு வேண்டுமென்றால் தண்ணீரில் பாதியைக் குறைத்து, 8 லிட்டர் பாலைத் தனியாகக் காய்ச்சி வையுங்கள். அடுப்பை அணைத்துக் கொதி அடங்கினதும் இரண்டையும் கலந்து ஆத்துங்கள். கருப்பட்டியோடு சேர்த்துப் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது பால் திரிந்தால் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் பதனி வேண்டும். அப்படியானால் 2 கிலோவுக்கு 16 லிட்டர். நாம் வைத்த தண்ணீர் அளவுக்கே பதனி, ஒரு முழு அண்டா, எங்கேயோ ஒரு விடிலியில் ஒரு பெண்ணின் முன்னால் கொதித்து வற்றி அந்த இரண்டு கிலோவாக வந்திருக்கிறது.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. 2021-இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் பனைக்கு என்று தனி இயக்கம் அறிவித்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் ஆனது. 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாலுவழிச் சாலையெங்கும் "கருப்பட்டிக் காபி" போர்டு தொங்குகிறது. முன்பு விருந்தாளிக்குக் கொடுக்க வெட்கப்பட்டதைக் காரில் போகிறவர்கள் இறங்கிக் கூடுதல் காசு கொடுத்துக் குடிக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் சுத்தக் கருப்பட்டி விலை சீனியைப் போலப் பல மடங்கு இருக்கும்போது, சீனிப்பாகைக் கலந்து சிரட்டையில் வார்த்தால் யாருக்கு லாபம்? கலப்படத்துக்குக் கண்ணில் புகை படவும் வேண்டாம், மரம் ஏறவும் வேண்டாம். உடைத்துப் பார்த்தால் உள்ளே சீனி மாதிரி மினுமினுப்பது, வாயில் போட்டவுடன் கரைவது, இரண்டையும் சந்தேகப்படணும் என்று காய்ச்சிப் பழகின கைகள் சொல்கின்றன. அந்தக் கைகள் நம்ம கூட்டமைப்பில்தான் இருக்கின்றன. பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவை. விலை குறைவு என்று நம்ம கூட்டத்துக்கே கலப்படக் கருப்பட்டி வாங்கி வந்து, வாயில் வைத்ததும் மூத்த அம்மாமார் தம்ளரைக் கீழே வைத்துவிட்ட நாளும் உண்டு. அன்றைக்கு யாரும் ஒண்ணும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு விடிலியிலிருந்தே நேராக வாங்குவது என்று தீர்மானம் ஆனது. கிலோவுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் அரைமணி நேரம் பேச்சு. அதுவும் நல்ல பேச்சுதான். வியாபாரி மட்டும் பேசிக்கொண்டிருந்த விலையைக் காய்ச்சுகிறவளும் குடிக்கிறவளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள்.

அண்டா இப்போது பழையபடி கருப்பட்டி வாசம் அடிக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் மட்டும் அந்தச் செலவை இன்னும் "தேநீர்ச் செலவு" என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.