சுவரில் மாட்டிய அந்தாட்டிக்கா

ஒன்லைனில் சுவர்ப்படம் விற்கும் பக்கங்களை உருட்டிக்கொண்டு போனால், பூக்களுக்கும் மலைகளுக்கும் நடுவில் ஒரு கறுப்பு வெள்ளைக் கப்பல் அடிக்கடி கண்ணில் படும். சுற்றிவர இருட்டு, நடுவில் பேய் மாதிரி வெளிறிப்போன பாய்மரங்கள். கீழே அளவும் விலையும் போட்டிருக்கும். கப்பலுக்கு என்ன நடந்தது எண்டு போட்டிருக்காது.

அந்தக் கப்பலின் பெயர் எண்டூரன்ஸ். 1915 ஓகஸ்ட் 27 இரவு, கப்பலைச் சுற்றி ஏறக்குறைய 20 ஃபிளாஷ்களைக் கொளுத்தி அந்தப் படத்தை எடுத்தவர் அவுஸ்திரேலியரான பிராங் ஹேர்லி. அப்போது கப்பல் பனியில் சிக்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அடுத்த மூன்று மாதத்துக்குள் அது கடலுக்கு அடியில் போய்விட்டது.

இந்தப் படங்களை வீட்டில் மாட்டலாமா கூடாதா எண்டு தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரேல்ல. அழகான படங்கள்தான், தாராளமாக மாட்டலாம். ஆனால் இவை எதற்காக எடுக்கப்பட்டன என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேணும்.

அந்தக் காலத்துத் துருவப் பயணங்கள் கடனிலும் நன்கொடையிலும் ஓடியவை. கப்டன் ஸ்கொட்டின் 1910ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பிரித்தானிய அரசு கொடுத்தது தேவையில் ஒரு பங்கு மட்டுமே. மிச்சத்தைப் பத்திரிகை, சினிமா, விரிவுரை என்று பல வழிகளில் தேட வேண்டியிருந்தது. அதனால்தான் ஹேர்பேட் பொன்டிங் என்ற தொழில்முறைப் படப்பிடிப்பாளரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தன்னைக் 'கமராக் கலைஞன்' என்று சொல்லிக்கொண்டவர் அவர். 1911 ஜனவரி 5இல் ஒரு பனிப்பாறைக் குகைக்குள் நின்று, அதன் வாசல் வழியாகத் தூரத்தில் நின்ற டெரா நோவா கப்பலை எடுத்தார். இன்றும் பிரேம் போட்டு விற்கிற படம் அது. 1913இல் லண்டனில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்து விற்றார்கள். சுவருக்குப் போவது ஆரம்பத்திலிருந்தே இந்தப் படங்களின் வேலைகளில் ஒன்று.

அதே பயணத்தில் இன்னொரு படமும் இருக்கிறது. 1912 ஜனவரி 18, தென் துருவம். ஸ்கொட்டும் தோழர்கள் நாலு பேரும் நிற்கிறார்கள், இருக்கிறார்கள். பவர்ஸ் என்பவர் ஒரு நூலை இழுத்துத் தங்களைத் தாங்களே எடுத்த படம். நோர்வேக்காரர் ஒரு மாதத்துக்கு முன்னமே வந்துபோனது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முகங்களைப் பார்த்தாலே விளங்கும். திரும்பும் வழியில் ஐந்து பேருமே இறந்தார்கள். அந்த பிலிம், அவர்களில் மூன்று பேரின் உடல்கள் கிடந்த கூடாரத்தில் கிடைத்தது. குகைப் படத்தை ஹோலில் மாட்ட ஆசைப்படுபவர்கள் இந்தப் படத்தை மாட்ட ஆசைப்படுவார்களா?

ஷக்கிள்டனின் கதை இன்னும் வெளிப்படையானது. பிலிம், பட உரிமைகளை விற்க ஒரு கொம்பனியையே தொடங்கிவிட்டுத்தான் அவர் 1914இல் புறப்பட்டார். எண்டூரன்ஸ் நொறுங்கியபோது, ஆளுக்கு இரண்டு இறாத்தல் சொந்தச் சாமான் மட்டும் எண்டு கட்டளை போட்டு, தன் தங்க நாணயங்களையே பனியில் எறிந்தார். ஆனால் பாதி அமிழ்ந்த கப்பலுக்குள் இறங்கி, உறைநீரில் மூழ்கி ஹேர்லி எடுத்துவந்த நெகட்டிவ்கள் தப்பின. எல்லாமே அல்ல. இரண்டு பேரும் பனியில் இருந்து ஒவ்வொரு கண்ணாடித் தட்டாகப் பார்த்து, ஏறக்குறைய 120ஐ வைத்துக்கொண்டு 400 அளவில் உடைத்தார்கள். பிறகு மனம் மாறி எடுக்கக் கூடாது எண்டுதான் உடைத்தது. இன்று கடைகளில் நாங்கள் பார்ப்பது அந்தத் தெரிவில் மிஞ்சியதைத்தான்.

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது 'மீட்பு' என்ற தலைப்பில் புகழ்பெற்ற படம். எலிபன்ட் தீவுக் கரையில் நிற்கும் ஆட்கள் கடலைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். காப்பாற்ற வந்தவர்களை வரவேற்கிறார்களாம். உண்மையில் அது 1916 ஏப்ரல் 24இல் எடுத்தது. உதவி தேடி ஷக்கிள்டனும் ஐந்து பேரும் ஒரு சின்னப் படகில் புறப்பட்ட நாள். கரையில் நின்றவர்கள் வழியனுப்பத்தான் கையசைத்தார்கள். சிலி நாட்டுக் கப்பல் வந்து அவர்களை ஏற்றியது 128 நாள் கழித்து, ஓகஸ்ட் 30இல். பிறகு நெகட்டிவில் கைவைத்து மாற்றி, பிரிவை மீட்பாக்கி வெளியிட்டார்கள்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பெரிய பாடம். கமரா பொய் சொல்லேல்ல, கை அசைந்தது உண்மை. பொய் வந்தது தலைப்போடும் திருத்தத்தோடும்.

'ஒரு உயிர்கூடப் போகவில்லை' என்று இந்தப் பயணத்தைப் புகழ்வதும் இதே மாதிரித்தான். எண்டூரன்ஸில் போனவர்கள் எல்லோரும் தப்பியது சரி. ஆனால் கண்டத்தின் மறுகரையில், ஷக்கிள்டன் நடந்து வருவார் என்று நம்பி அவருக்காகப் பனிவெளியில் உணவு வைத்துக்கொண்டு போன இன்னொரு குழு இருந்தது. அதில் மூன்று பேர் 1916இல் இறந்தார்கள். ஹேர்லியின் கமரா அந்தப் பக்கம் இருக்கேல்ல.

அந்தக் குழு தங்கிய இடங்களில் ஒன்று ஸ்கொட்டின் பழைய குடில். அங்கே பொன்டிங்கின் இருட்டறையும் இருந்தது. 2013இல் அந்த அறையில், உறைந்து ஒட்டிப்போன 22 நெகட்டிவ்களை நியூசிலாந்துப் பாதுகாவலர்கள் கண்டெடுத்தார்கள். அந்தக் குழுவின் படங்கள். கறை பிடித்து, ஓரம் சிதைந்துதான் வந்தன. கிட்டத்தட்ட நூறு வருஷமாக அவற்றை யாரும் விற்கவில்லை, யாரும் தலைப்பும் போடவில்லை.

துருவப் படம் ஒன்றை மாட்ட நினைத்தால் மாட்டுங்கள். ஆனால் எடுத்த நாளையும் அன்று நடந்ததையும் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசிக்கட்டும்.