பாட்டியின் ஊசி: ஏட்டில் ஏறாத ஒரு கல்வி

பீளமேட்டுக்குப் பூளைமேடு என்றொரு பழைய பெயர் உண்டு. பூளை என்பது வெண்பஞ்சு போன்ற கதிர்களை உடைய செடி. பொங்கலையொட்டிக் கொங்கு நாட்டார் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவது இந்தப் பூவைத்தான். பஞ்சின் சாயலைப் பெயரிலேயே தாங்கிய அந்த மேடு, பின்னாளில் உண்மையான பஞ்சாலேயே பெயர்பெற்றது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். 1910இல் லட்சுமி மில்ஸ் எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்ததும் ஆலைகள் பெருகின. 1956இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவும் பீளமேட்டிலேயே அமைந்தது.

ஆலைகளின் வரலாறு ஏடுகளில் இருக்கிறது. ஆனால், அந்த ஆலைகளின் நூல் துணியாகி வீட்டுக்குள் வந்தபின், அதை வெட்டித் தைத்து, கிழிந்ததை ஒட்டி, பழையதை விரிப்பாக்கிய பெண்களின் வரலாற்றை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. அது பாட்டியின் கையிலிருந்து தாயின் கைக்கும், தாயின் கையிலிருந்து மகளின் கைக்கும் போன கல்வி.

தைக்கும் தொழில் தமிழ் மண்ணில் மிகப் பழையது. அதற்குத் 'துன்னம்' என்பது பழஞ்சொல். புகார் நகரைப் பேசும் சிலப்பதிகாரம், அங்கு வாழ்ந்த தொழிலாளரிடையே துணி தைக்கும் துன்னகாரரையும் எண்ணுகிறது. அதற்கும் முந்தைய பொருநராற்றுப்படையில், வறிய பொருநன் ஒருவனின் கந்தல் ஆடை வருகிறது. தைத்துத் தைத்து, அந்த ஆடைக்குரிய இழையைவிட வேற்றிழையே அதில் மிகுதியாக நுழைந்துவிட்டது. கரிகாலன் அதைக் களைந்து புத்தாடை தருகிறான். அரசனின் கொடையைப் பாட்டு போற்றுகிறது. அதுவரை அந்தக் கந்தலைக் காத்துவந்த ஊசியைப் பற்றி நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் மார்க்க வரலாற்றிலும் ஊசிக்கு இடம் உண்டு. வீட்டில் இருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னையவர்கள் விடையளித்ததாக ஹதீஸ் அறிவிக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தோள்களுக்கிடையே ஆடையில் ஒட்டுகள் இருந்ததை அனஸ் (ரலி) அவர்கள் கண்டு கூறியிருக்கிறார்கள். தம் மனைவியருள் நீண்ட கையுடையவரே முதலில் தம்மை வந்தடைவார் என்று நபியவர்கள் சொன்னபோது, அவர்கள் தங்கள் கைகளை அளந்து பார்த்தார்கள். நபியவர்களின் மறைவுக்குப் பின் முதலில் இறையடி சேர்ந்தவர் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி). தோலைப் பதனிட்டு, தைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்தவர் அவர். கையின் நீளம் என்பது உழைத்துக் கொடுக்கும் குணத்தைக் குறித்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

புடவையும் வேட்டியும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்படுபவை. முஸ்லிம் வீட்டிலோ தையல் அன்றாடத் தேவை. ஆண்கள் உடுத்தும் கைலியை இரு முனைகளையும் சேர்த்து மூட்டியாக வேண்டும். 'மூட்டிய கைலி' என்ற வழக்கே அதிலிருந்து வந்தது. தொழுகைக்கான மேலங்கி, குழந்தையின் சட்டை, ஓதப்போகும் சிறுமியின் தலைத்துணி, குர்ஆனைப் பொதிந்து வைக்கும் உறை என்று ஊசி தொட்டாக வேண்டியவை பல. பெண்பிள்ளைகளுக்கு முதற்பாடமாகக் கிடைத்தது பெரும்பாலும் கைலி மூட்டும் வேலைதான். நேர்கோடான தையல், தவறினால் பிரித்து மீண்டும் போடலாம். தையல் சீராக வராவிட்டால் பாட்டி பேசமாட்டார். நூலை உருவிவிட்டுத் துணியைத் திரும்ப மடியில் போடுவார். பொறுமை என்ற பாடம் அந்த மௌனத்தில் நடந்தது.

1851இல் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் தவணை முறையில் விற்பனையைத் தொடங்கியது. எளிய குடும்பங்களும் இயந்திரம் வாங்க வழி திறந்தது அந்தத் தவணைதான். 1930களில் கல்கத்தாவில் உஷா இயந்திரங்கள் உருவாகத் தொடங்கின. இயந்திரங்கள் மனிதனின் உழைப்பைப் பறிப்பதைக் கடிந்துவந்த காந்தியடிகளும், 1924இல் ஒரு மாணவருடன் உரையாடியபோது தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் கண்ட அன்பில் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்த இயந்திரம் நம் பெண்களுக்கு என்ன செய்தது என்பதற்கு ஒரு சூழலைச் சொன்னால் போதும். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கிறாள். அதன்பின் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவள் முன் நிற்கிறது. தாயிடம் தையல் கற்றவளுக்கு வீட்டின் ஒரு மூலையில் வருவாய் காத்திருக்கும். அக்கம்பக்கத்தாரின் ரவிக்கையும், பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் வந்து குவியும் பிள்ளைகளின் துணியும் அவளைக் கைநீட்டாமல் வாழவைக்கும். தமிழக அரசும் மாவட்டந்தோறும் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களும் ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கிவருவது இதை உணர்ந்துதான். ஆனால் இயந்திரத்தைக் கொடுத்துவிடலாம். கைப்பழக்கத்தை ஒரு விழா மேடையில் கொடுக்க முடியாது. அது சிறுவயதிலேயே வீட்டில் வந்திருக்க வேண்டும்.

தையலின் மற்றொரு கிளை விரிப்பு. துவைத்துத் துவைத்து மென்மையான பருத்திச் சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்தால் பச்சிளங்குழந்தைக்கு அதைவிட இதமான படுக்கை இல்லை. தமிழின் 'கந்தை', வங்காளத்தின் 'காந்தா' இரண்டுமே ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. நாம் கந்தை என்று ஒதுக்கிய பழந்துணியை, வங்காளத்து முஸ்லிம் பெண்களும் இந்துப் பெண்களும் பூவும் கொடியும் மீனுமாகத் தைத்து, உலகம் போற்றும் கலையாக்கினர். பழஞ்சேலையின் கரையிலிருந்தே நூலை உருவி அதே சேலையைத் தைப்பது அவர்கள் மரபு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனத்தார் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு. அவர்களின் பெண்கள் பழந்துணித் துண்டுகளால் போர்வை தைத்து, மூலைகளில் முக்கோணமாக மடித்த துண்டுகளைப் 'பூ' என வைத்தே வேலையை முடிப்பர். ஒவ்வொரு துண்டும் குடும்பத்தில் ஒருவர் உடுத்திய துணி. தாத்தாவின் சட்டையும் அத்தையின் சேலையும் பேரப்பிள்ளையின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

இன்று திருப்பூர்ப் பின்னலாடை உலகெங்கும் போகிறது. கரூரிலிருந்து படுக்கை விரிப்புகள் கப்பலேறுகின்றன. ஆயத்த ஆடை மலிந்துவிட்டது. நம் மகள்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். அது மகிழ வேண்டிய செய்தி. ஆயினும் அறுந்த பொத்தானைத் தைக்கவும் கடையைத் தேடும் நிலை வந்துவிட்டது. ஒரு தலைமுறை கற்காவிட்டால் என்ன ஆகும்?

விடை தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கு வாழும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல், அவர்கள் பழைய உடையைக் கைவிட்டதும் மெல்ல மறைந்தது. தாய்மார்களுக்கே தெரியாமல் போயிற்று. ஊரில் இயங்கிவந்த பழங்குடி நல மருத்துவமனையின் முயற்சியால் அதை மீட்க முனைந்தபோது, தையல் முறை தெரிந்த மூதாட்டிகளாக இருவர் மட்டுமே எஞ்சியிருந்தனர். அந்த இருவரிடமும் இளம்பெண்கள் அமர்ந்து கற்றனர். அதிலிருந்து 'போர்கை' என்ற பெண்களின் அமைப்பு வளர்ந்தது. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். இன்று அந்தத் தையல் அவர்களுக்குச் சோறு போடுகிறது. அந்த இருவரும் சில ஆண்டுகள் முன்பே மறைந்திருந்தால், எந்த நூலைப் புரட்டியும் அதை மீட்டிருக்க முடியாது.

நம் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். கண்பார்வை மங்கியிருக்கலாம், ஊசியில் நூல் கோக்கப் பேத்தியை அழைக்கலாம். அந்த அழைப்பை ஒரு பாடத்தின் தொடக்கமாகக் கொள்வோம். கோத்துக் கொடுத்துவிட்டு எழுந்துவிடாமல், பக்கத்தில் அமர்ந்து அடுத்த தையலை நாமே போட்டுப் பார்ப்போம். மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் இது உரியது. தம் ஆடையைத் தாமே தைத்த நபியின் உம்மத் அல்லவா நாம்? உழைக்கும் கைகளுக்கும், அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக!