இன்சுலினின் சாரியைகள்

மருந்துகளின் வரலாற்றைப் பேசும்போது நாம் முதன்மைப் பொருளை மட்டுமே நினைவில் கொள்கிறோம். உடன் சேர்க்கப்படும் துணைப்பொருள்கள் உறையின் சிற்றெழுத்தில் ஒதுங்கிவிடுகின்றன. இன்சுலினின் வரலாற்றை அந்தச் சிற்றெழுத்திலிருந்து படித்தால் வேறொரு கதை விரிகிறது.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி செலுத்தப்பட்டது. அது போதிய பயன் தரவில்லை. பன்னிரண்டு நாள்களுக்குப் பின், காலிப் தூய்மைப்படுத்திய சாறே அவனைக் காத்தது. ஆயினும் மருந்தின் ஆற்றல் சில மணி நேரமே நீடித்தது; நாள்தோறும் பலமுறை ஊசி குத்த வேண்டியிருந்தது. எனவே முதல் தலைமுறை ஆய்வாளர்கள் நாடியது விரைவை அன்று, தாமதத்தை. 1936இல் டென்மார்க்கின் ஹாகெடார்ன் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமைன் என்னும் புரதத்தைச் சேர்த்தார். அதே ஆண்டில் டொராண்டோவின் ஸ்காட்டும் ஃபிஷரும் அதனோடு துத்தநாகத்தையும் சேர்த்தனர். மருந்து மெல்லக் கரைந்தது, ஊசிகள் குறைந்தன.

துத்தநாகத்தின் வேலை என்ன என்பதை, 1969இல் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினர் இன்சுலின் படிகத்தின் அமைப்பை வெளியிட்டபோது கண்ணாரக் காண முடிந்தது. ஆறு மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றி ஒரு திரளாகக் கூடி நிற்கின்றன. கணையமும் இவ்வாறே இன்சுலினைச் சேமிக்கிறது. ஆனால் அது நேரே இரத்தத்தில் கலப்பதால் திரள் உடனே கலைகிறது. தோலுக்கடியில் செலுத்திய மருந்துக்கு அந்த வாய்ப்பில்லை. திரள் ஒவ்வொன்றாகப் பிரிந்த பின்னரே நுண்குழாய்களுக்குள் எளிதில் நுழைய முடியும். உணவுக்கு அரைமணி முன்னரே ஊசி போட நேர்ந்தது இதனால்தான்.

அந்த அரைமணியின் விலையை, நீரிழிவுள்ள குழந்தையைப் பேணும் தாய் அறிவாள். ஊசி போட்டாயிற்று, குழந்தை உண்ண மறுக்கிறது. இறங்கும் சர்க்கரை உயிருக்கே உலையாகலாம்.

1996இல் லிஸ்ப்ரோ வந்தது. மூலக்கூறில் அருகருகே உள்ள இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றித் திரளைத் தளர்த்தினர். அதன்பின் மூலக்கூறை விட்டுவிட்டு அதன் துணைகளை மாற்றும் முயற்சிகளும் எழுந்தன. துத்தநாகத்தைப் பற்றி இழுக்கும் ஈடிடிஏ, சிட்ரிக் அமிலம் ஆகியவற்றைச் சேர்த்த ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் 2010இல் ஒப்புதல் கிட்டவில்லை. 2017இல் ஒப்புதல் பெற்ற ஃபியாஸ்ப், அஸ்பார்ட் இன்சுலினோடு பி3 உயிர்ச்சத்தின் ஒரு வடிவமான நியாசினமைடைச் சேர்த்தது. அதனால் மருந்து ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்தி இரத்தத்தை எட்டியது. உடன் சேர்ந்த அர்ஜினைன் நிலைப்புத்தன்மைக்கானது. 2020இல் வந்த லியும்ஜெவில் லிஸ்ப்ரோவோடு சிட்ரேட்டும் டிரெப்ரோஸ்டினிலும் சேர்ந்தன. முன்னது நுண்குழாய்ச் சுவரின் ஊடுருவலைக் கூட்டுகிறது. பின்னது ஊசியிட்ட இடத்து நாளங்களை விரிக்கிறது. நுரையீரல் இரத்த அழுத்தத்துக்குத் தனி மருந்தாக விளங்கும் டிரெப்ரோஸ்டினில், இங்கே மிக நுண்ணிய அளவில் வழிவிடும் பணியாளாக நிற்கிறது.

மரம் என்பதோடு ஐ சேரும்போது இடையே அத்து வருகிறது. தன்பொருள் என ஒன்றைச் சுட்டாமல் சொல்லை இயக்கும் அதனைச் சாரியை என்கிறோம். இத்துணைப்பொருள்களும் அத்தகையனவே. இவற்றால் உணவுக்குப் பிந்திய சர்க்கரை ஏற்றம் தணிந்தது. மூன்று மாதச் சராசரியில் பெருமாற்றம் நேரவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், குழந்தை உண்ணத் தொடங்கிய பின்னரும் ஊசி போடலாம் என்ற இசைவு, சராசரிக் கணக்கில் அடங்காத நிம்மதி.