பந்தாட்டக்காரர் டக் நிக்கல்ஸ்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலுள்ள விக்டோரியா மாகாணத்தில் குளிர்காலம் பிறந்துவிட்டால் ஜனங்களின் சிந்தை முழுவதும் ஆஸ்திரேலிய கால்பந்து என்னும் ஒரு விளையாட்டின் மேல் சென்றுவிடும். முட்டை வடிவமான பந்தும், அதே வடிவத்தில் பரந்த மைதானமும், பக்கத்துக்கு 18 பேருமாக நடைபெறும் அந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறிய மட்டும் கூடாது. நெடிய உருவமும் பருத்த தேகமும் படைத்தவர்களே பெரும்பாலும் பிரகாசிக்கிற அந்த மைதானத்தில், 5 அடி 2 அங்குலமே உயரமுள்ள ஆதிக்குடி வாலிபர் ஒருவர் கீர்த்தி பெற்று, பெற்ற கீர்த்தியைத் தம் ஜனசமூகத்தின் உரிமைக்காகவே செலவிட்ட சரித்திரத்தை இந்த வாரம் சொல்லப் புகுகிறோம்.

டக்ளஸ் நிக்கல்ஸ் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, மர்ரே நதிக்கரையில் ஆதிக்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த கம்மெராகுஞ்சா என்னும் குடியிருப்பில், யோர்ட்டா யோர்ட்டா குலத்தில் பிறந்தார். மொரீஷியஸ் தீவில் பிறந்த இந்திய வம்சத்தவரான தாமஸ் ஜேம்ஸ் அங்கே உபாத்தியாயராக இருந்தார். அவரிடம் எழுத்தறிந்த பிள்ளைகளிற் சிலர் பிற்காலத்தில் ஆதிக்குடியினரின் தலைவர்களாக விளங்கினார்கள். ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கும் அதிகாரம் சர்க்காருக்கு இருந்த காலம் அது. நிக்கல்ஸுக்கு எட்டு வயதானபோது, போலீஸார் அவருடைய பதினாறு வயதுத் தமக்கையைப் பலாத்காரமாகப் பிடித்து, வீட்டு வேலைக்குப் பெண்களைப் பழக்கும் கூட்டமுந்திரா விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை.

பதின்மூன்றாம் பிராயத்தில் பள்ளிப் படிப்பு நின்றது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில், கத்தரி பட்டுக் கீறிய ஆடுகளின் புண்களுக்குத் தார் பூசும் பையனாக அவர் வேலை பார்த்தார். ஓய்ந்த வேளைகளில் நாட்டுப்புறக் குழுக்களுக்காகப் பந்தாடி, அவற்றிற் பெற்ற தேர்ச்சியை நம்பி 1927-இல் மெல்போர்ன் நகரம் சென்று கார்ல்டன் கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். வீரர்களின் கால்களுக்குத் தைலம் தேய்த்துப் பிடித்துவிடுவது அங்கே வழக்கம். நிக்கல்ஸின் முறை வந்தபோது அவர் மேனியைத் தொட மறுத்துவிட்டார்கள். உடன் பயின்றவர்களும் அவர்மேல் நாற்றம் வீசுகிறதென்று சொல்லி ஒதுக்கினார்கள். கார்ல்டனின் கதவு அடைபட்டதும், அவர் நார்த்கோட் கழகத்திற்குச் சென்று, 'விங்' என்னும் ஓரத்தில் நின்று மின்னல் வேகத்தில் ஆடி, 1929-இல் அக்கழகம் வாகை சூடியபோது அதன் குழுவில் இடம்பெற்றார்.

1932-இல் பிரதான லீக்கைச் சேர்ந்த ஃபிட்ஸ்ராய் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. பழைய அவமானம் மனத்தில் உறுத்த, உடை மாற்றும் அறையின் ஒரு மூலையில் அவர் தனியே ஒதுங்கியிருந்த சமயம், அக்காலத்து ஆட்டக்காரர்களுள் முதன்மை பெற்றிருந்த ஹேடன் பண்டன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தார். சிறந்த வீரருக்குரிய பிரௌன்லோ பதக்கத்தை மூன்று முறை வென்ற அந்த மகா வீரர் அன்று காட்டிய சிநேகம், அப்பதக்கங்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. 1937 வரையில் ஃபிட்ஸ்ராய்க்காக 54 ஆட்டங்கள் ஆடிய நிக்கல்ஸ், 1935-இல் விக்டோரியா மாகாணக் குழுவிலும் இடம்பெற்றார்.

முழங்கால் காயத்தால் ஆட்டம் ஓய்ந்தபின், கிறிஸ்தவப் பிரசங்கியாராக அவர் ஃபிட்ஸ்ராய் வட்டாரத்து ஏழை ஆதிக்குடி மக்களிடையே ஊழியம் புரிந்தார். ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய 150-ஆம் ஆண்டு நிறைவு 1938 ஜனவரி 26 அன்று கொண்டாடப்பட்டபோது, அதே தினத்தைத் துக்கதினமாக அனுஷ்டித்த ஆதிக்குடியினரோடு ஸிட்னியில் அவரும் நின்றார். 1957-இல் ஸ்தாபிதமான ஆதிக்குடி முன்னேற்றச் சங்கத்தின் ஊழியராக ஊர் ஊராகப் பேசி, 1967-இல் ஆதிக்குடியினர் சம்பந்தமாக அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கு நடந்த வாக்கெடுப்பிலும் பாடுபட்டார். நூற்றுக்கு 90-க்கு மேற்பட்ட வாக்குகள் திருத்தத்திற்கு ஆதரவாக விழுந்தன. 1972-இல் அவருக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது. ஆதிக்குடியினருள் அதைப் பெற்ற முதல்வர் அவரே. 1976 டிசம்பர் மாதம் முதல் தேதியன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னராகப் பதவியேற்றார். பக்கவாதம் தாக்கியமையால் சில மாதங்களிலேயே விலக நேர்ந்தது. 1988 ஜூன் 4-ஆம் தேதி காலமான அவர், பிறந்த மண்ணாகிய கம்மெராகுஞ்சாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மைதானத்தில் அவர் பெற்ற பெயர் சில வருஷத்துச் சம்பாத்தியம். சமூகத்துக்கு அவர் செய்த ஊழியமோ ஆயுள் முழுவதும் நீடித்தது. ஆயினும், கைதட்டி மகிழ்ந்த அதே வெள்ளை ஜனங்கள் அவர் பேச எழுந்தபோது செவிசாய்த்ததற்கு அந்தப் பெயரே காரணம் என்பதையும் மறத்தலாகாது. தமக்குக் கிடைத்த புகழைத் தம்மவருக்கு வழக்குரைக்கும் சாதனமாக்கிக்கொண்டவர் என்பதே அவருக்குரிய நியாயமான மதிப்பீடு. ஆஸ்திரேலிய கால்பந்து லீக் 2016 முதல் ஆண்டுதோறும் ஆதிக்குடி வீரர்களைக் கௌரவிக்கும் ஆட்டச் சுற்றுக்கு ஸர் டக் நிக்கல்ஸின் பெயரையே வழங்கி வருகிறது.