கோரைத் தண்டில் எழுதிய கேஸ் ஷீட்

1/ வயல்ல களையா முளைக்கிற கோரையைப் பார்த்திருப்பீங்க. தண்டை விரலால் உருட்டினா முக்கோணமா தெரியும். புல்லுக்கு அப்படி இருக்காது. அதோட பெரியண்ணன்தான் எகிப்தின் பாப்பிரஸ். ரெண்டும் ஒரே பேரினம், சைபரஸ்.

2/ நைல் சதுப்பில், ஆழமில்லாத தண்ணீரில், கிழங்கிலிருந்து வருஷா வருஷம் தழைத்து 4-5 மீட்டர் உயரும். அடித்தண்டு சாப்பாடு. படகு, பாய், கயிறு, செருப்பு எல்லாம் அதிலேயே.

3/ பச்சைத் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மெல்லிய பட்டைகளாக அறுத்து, குறுக்கும் நெடுக்குமா ரெண்டு அடுக்கு வைத்து அழுத்திக் காயவைத்தால் எழுதும் தாள்.

4/ 1862இல் லக்சரில் எட்வின் ஸ்மித் வாங்கிய சுருள் அப்படி ஒண்ணு. கி.மு. 1600 வாக்கில் எழுதியது. 48 கேஸ்கள், பெரும்பாலும் காயங்கள். பரிசோதனை, பிறகு மூன்றில் ஒரு தீர்ப்பு: குணப்படுத்தலாம், போராடிப் பார்க்கலாம், வைத்தியம் இல்லை.

5/ 31ஆவது கேஸ், கழுத்து முள்ளெலும்பு விலகியவர். கை கால் உணர்வில்லை. சிறுநீர் தெரியாமலே போகுது. தீர்ப்பு: வைத்தியம் இல்லை.

6/ இன்னைக்கும் முதுகுத்தண்டு காயம்னா நாங்க கேட்கிறது இதைத்தான்: உணர்ச்சி இருக்கா? சிறுநீர் தெரிஞ்சு போகுதா?

7/ காப்பாத்த முடியாதுன்னு தெரிஞ்சும் அந்த நோயாளியை முழுசா பரிசோதிச்சு எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு அதுதான் பாடம். காகிதம் வந்து பயிரிடுறது நின்னதும் எகிப்தில் அந்தச் செடியே கிட்டத்தட்ட அழிஞ்சுபோச்சு. எழுதினது நின்னுடுச்சு.