நீர்நாய் திரும்பி வந்த ஆறுகள்

செம்பட்டிக்கு அருகில் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கிறது. பழனி மலையின் கீழ்ச்சரிவிலிருந்து வரும் தண்ணீர் இங்கு தேங்கி, குடகனாறாக வடக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலந்து, கடைசியில் காவிரியைச் சேர்கிறது. அந்தக் காவிரியில் இன்றும் நீர்நாய்கள் வாழ்கின்றன.

நீர்நாய் தமிழர்களுக்குப் புதிய விலங்கு அல்ல. வாளை மீனைத் தேடித் திரியும் விலங்காக அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் அது வருகிறது. வயலும் பொய்கையும் சூழ்ந்த மருத நிலத்து விலங்கு அது. ஆனால் இன்று ஊர்ப் பொய்கையில் நீர்நாயைப் பார்த்தவர்கள் மிகவும் குறைவு. தோலுக்காக வேட்டையாடினார்கள். வலையைக் கிழிக்கிறது என்று விரட்டினார்கள். மணல் அள்ளியதில் அது வளை தோண்டும் கரைகளும் போயின.

இந்தியாவில் உள்ள மூன்று வகை நீர்நாய்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாக உள்ளது. சட்டம் வேட்டைக்காரனைத் தடுக்கும். தண்ணீரை யார் காப்பாற்றுவது?

இதற்கு இங்கிலாந்தின் வரலாறு பதில் சொல்கிறது. 1950-களின் இறுதியில் அங்கே நீர்நாய்கள் வேகமாகக் குறைந்தன. விதைகளில் பூசிய டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து ஆற்றில் கலந்து, மீன் வழியாக நீர்நாயின் உடலில் சேர்ந்ததே முக்கியக் காரணம். 1977-79 கணக்கெடுப்பில், தேடிய இடங்களில் நூற்றுக்கு ஆறில் மட்டுமே அதன் தடயம் கிடைத்தது. 1978-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது. அந்த மருந்தும் படிப்படியாக விலக்கப்பட்டது. 2011-ல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் திரும்பிவிட்டது என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று!

சிங்கப்பூரிலும் இதே கதைதான். ஆறுகள் சாக்கடையாகிப் போன 1970-களில் அங்கே நீர்நாய்கள் மறைந்தன. 1977 முதல் பத்தாண்டுகள் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1990-களில் அவை தாமாகவே திரும்பின. இன்று நகரின் நடுவிலேயே குடும்பம் குடும்பமாகத் திரிகின்றன.

திண்டுக்கல்லுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தமிழகத் தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதில் இடம்பெற்ற மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2022-ல் தமிழக அரசு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தபோது, அங்குள்ள உயிரினங்களில் நீர்நாயையும் குறிப்பிட்டது.

ஆனால் சரணாலயத்துக்குள் பாயும் தண்ணீர் வெளியிலிருந்துதான் வருகிறது. ஆத்தூர் அணைத் தண்ணீரைத்தான் திண்டுக்கல் நகரம் குடிக்கிறது. நீர்நாய்க்கு ஆகாத தண்ணீர் மனிதனுக்கும் ஆகாது.